ஒரு கை மடிப்பு

குற்றம் கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்,
ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ், இரண்டு டியூப்லைட் நடுவில்
ஒரு நாளைக்கு நானூறு சட்டை.
காலர், தோள், அக்குள், பட்டன், கைமுனை.
தையல் ஒரு கண் தாவியிருந்தாலும்
சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி
கூடையில் எறிவேன்.
லேபிளுக்குப் பின்னால் பேனாவால் என் நம்பர்:
பதினாலு.

மிஷின்கள் என் முதுகுக்குப் பின்னால் ஓடும்.
மேஜையை அப்படித்தான் போட்டிருக்கிறார்கள்.

ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் எம்.சி. ரோடு
நகர்ந்துகொண்டிருந்த சனிக்கிழமை,
எதையெடுத்தாலும் நூற்றியிருபது என்ற குவியலில்
என் விரல்கள் தாமாகவே
காலருக்கும் தோளுக்கும் அக்குளுக்கும் போயின.
ஆஸ்பத்திரிச் சுவர்ப் பச்சை.
கம்பெனிப் பெயரைக் கத்திரியால் பாதி வெட்டியிருந்தார்கள்.
பின்னால் திருப்பினேன்.
பதினாலு.

இடது கைமுனையில் மூன்று கண் தாவியிருக்கிறது.
தையலை முடிக்குமிடத்தில்
ஒரு முறைக்கு இரண்டு முறை பின்னோக்கி ஓட்டியிருக்கிறது.
அப்படி முடிப்பது யூனிட்டில் ஒருத்திதான்,
காசிமேட்டு ஜெசிந்தா.

"இன்னாக்கா, இம்மா நேரமா பாத்துனு கீற?
ஃபாரின் பீஸு. ஒரு டேமேஜ் கிடையாது."
"இருக்கு. நான்தான் சொன்னேன்."
"செரி, நூறு குடு."
நூற்றியிருபதையே கொடுத்தேன்.
மீதியைப் பிடித்தபடி
பைத்தியத்தைப் பார்ப்பது போல் பார்த்தான்.

அன்றிரவு பீரோவைத் திறந்து எண்ணினேன்.
பதினேழு டாப்ஸ். போடுவது ஐந்து.
அட்டை பிரிக்காதது ஒன்று,
போனில் பார்த்துப் படுத்தபடியே வாங்கியது,
நூற்றித் தொண்ணூற்றொன்பது.
துணி, நூல், வெட்டுக் கூலி, தையல் கூலி என்று
ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தேன்.
பட்டன் வருவதற்குள் காசு தீர்ந்துவிட்டது.
அயர்ன் பண்ணியவர், மடித்தவர்,
வெயிலில் கொண்டுவந்து கொடுத்த பையன்,
இவர்களுக்கெல்லாம் யார் கொடுத்தார்கள்?
தெரியவில்லை. பீரோவைச் சாத்தினேன்.
அது வழக்கம்போல் முழுசாகச் சாத்தவில்லை.

திங்கட்கிழமை பச்சைச் சட்டை.
குறை தெரியாமலிருக்க
இடது கையை மட்டும் முழங்கை வரை மடித்துவிட்டு,
வலது கையில் பட்டன் போட்டு,
கீழே பழைய கறுப்புச் சல்வார்.
ஷேர் ஆட்டோ கண்ணாடியில் பார்த்தபோது
நான் யாரோ போலவும் இருந்தேன்,
முதல் தடவையாக என்னைப் போலவும் இருந்தேன்.

சூப்பர்வைசர் குணாளன் கையில் அடிபட்டதா என்றார்.
பேக்கிங் நிவேதா "சோக்கா கீதுக்கா" என்றாள்.
வெள்ளிக்கிழமைக்குள்
பேக்கிங்கில் மூன்று பேருக்கு
ஒரு கை மடிந்திருந்தது.

டீ நேரத்தில் ஜெசிந்தா பக்கத்தில் வந்து நின்றாள்.
கேட்காமலே என் மடிப்பைப் பிரித்தாள்,
ஒரு சுற்று, இன்னொரு சுற்று.
மூன்று கண்ணையும் கட்டைவிரலால் தடவினாள்.
"என்னுதா?"
"ம்."
"அறுபது ரூபா புடிச்சாங்க."
டீயில் ஆடை படிந்தது.
"அன்னிக்கு கரண்டு போய்ப் போய் வந்துச்சு."
நான் மன்னிப்பு கேட்டிருக்கலாம்.
வாயில் வந்ததென்னவோ
"துணி நல்ல துணி" என்பதுதான்.
"தெரியும். நான் தெச்சதுதானே."
மறுபடி மடித்துவிட்டாள்,
நான் மடித்ததைவிட நேராக.

அன்று மதியம் வந்த ஒரு நீலச் சட்டையில்
கைமுனை ஒரு கண் தாவியிருந்தது.
ஸ்டிக்கரை எடுத்தேன்.
திரும்பிப் பார்த்தேன். எல்லா முகமும் குனிந்திருந்தன.
ஒட்டினேன்.
பதினாலு என்று எழுதினேன்.
பக்கத்தில், பொடி எழுத்தில், ஜெ.
எந்த நடைபாதைக்குப் போகுமோ,
அங்கே யார் புரட்டிப் பார்ப்பார்களோ.